கொல்லும் உரிமையும் காக்கும் சட்டமும்



இவ்வாண்டு நினைவுச் சொற்பொழிவுக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாற்றைப் பேசப்போகிறோம் என்றதும் தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். "மனுசனுக்கே பாதுகாப்பு இல்லாத ஊர்ல மயிலுக்குப் பாதுகாப்பு பத்திப் பேச்சா?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அது நடந்தது 2022 டிசம்பரில். அதற்கு மூன்று மாதம் முன்புதான், அதே 2022 செப்டம்பரில், இதே மாவட்டத்தின் கடலில் கடற்பசுவுக்கு நாட்டின் முதல் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவருக்கு அந்தத் தோழரின் கேள்வி எழாமல் இருக்காது.

ஆனாலும் இந்தச் சட்டத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம். விலங்குக்கும் நமக்கும் உள்ள உறவைச் சாதி எப்போதும் தானே தீர்மானித்து வந்திருக்கிறது. உயிருள்ள மாடு ஒருவருக்கு, செத்த மாடு இன்னொருவருக்கு என்று ஊர் பங்கு பிரித்தது. செத்த விலங்கைச் சுமக்கும்படி பட்டியல் சாதியினரை வற்புறுத்துவது வன்கொடுமை என்று சட்டத்தில் எழுத 2015ஆம் ஆண்டுத் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காட்டு விலங்கின் கதையும் இதற்கு வெளியே இல்லை. எந்த விலங்கை யார் கொல்லலாம், யார் கொன்றால் வேட்டை, யார் கொன்றால் திருட்டு என்ற கேள்விகளிலிருந்துதான் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அது பிறந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அசோகரின் கல்

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பாதுகாப்பு ஆணைகளில் ஒன்று அசோகருடையது. தமிழ் பௌத்தத்தை முன்வைத்த பண்டித அயோத்திதாசரின் வழியில் வரும் நமக்கு அசோகர் அயலவர் அல்லர். பட்டமேறி 26 ஆண்டுகள் ஆனபின் வெட்டப்பட்ட ஐந்தாம் தூண் கல்வெட்டில், கொல்லக் கூடாத உயிர்களின் பட்டியலே இருக்கிறது. கிளி, மைனா, வௌவால், ஆமை, முள்ளம்பன்றி எனப் பல பெயர்கள். சினையாக இருக்கும், பால் கொடுக்கும் ஆடும் பன்றியும் கொல்லப்படக் கூடாது, காரணமின்றிக் காட்டுக்குத் தீ வைக்கக் கூடாது, குறிப்பிட்ட நாட்களில் மீன் பிடிக்கவோ விற்கவோ கூடாது என்கிறது அது. முதலாம் பாறைக் கல்வெட்டில் தம் அரண்மனைச் சமையலறையைப் பற்றியே அவர் பேசுகிறார். முன்பு ஆயிரக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது நாளொன்றுக்கு இரண்டு மயில், ஒரு மான் மட்டும், இனி அவையும் கொல்லப்பட மாட்டா என்று எழுதிவைத்தார். எட்டாம் பாறைக் கல்வெட்டில், வேட்டைப் பயணத்தை விட்டு அறப் பயணத்துக்கு மாறியதைச் சொல்கிறார். கட்டுப்பாட்டை ஓர் அரசர் தன் அடுப்பிலிருந்து தொடங்கியது பெரிய செய்தி.

ஆனால் அதே அசோகர், பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் காட்டில் வாழும் மக்களைப் பார்த்து, அரசருக்கு இரக்கமும் உண்டு, தண்டிக்கும் ஆற்றலும் உண்டு என்று எச்சரிக்கிறார். விலங்குக்கு அபயம், காட்டுமனிதருக்கு எச்சரிக்கை. கருணை மிகுந்த அரசரின் ஆணையிலும் இந்த இரண்டும் அருகருகே இருந்தன. பின்னால் வந்த சட்டங்களில் கருணை குறைந்தது. எச்சரிக்கை மட்டும் குறையவில்லை.

அரசரின் மான், திருடனின் மான்

இன்றைய சட்டத்தின் நேரடி வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. நார்மானியர் ஆட்சியிலிருந்து அங்கே காடு என்ற சொல்லுக்கே அரசர் வேட்டையாடும் நிலம் என்ற பொருள் வந்தது. 1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவர்களுக்கும் உயர்குடியினருக்கும் மட்டுமே வேட்டை உரிமை என்றது. மற்றவர்கள் தங்கள் வயலில் வந்து மேயும் முயலையும் பிடிக்கக் கூடாது. 1723இல் வந்த கறுப்புச் சட்டம், முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் திருடுகிறவர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மான் அழிந்துவிடும் என்ற கவலை அந்தச் சட்டத்துக்கு இல்லை. மானைக் கொல்லும் இன்பம் கூலிக்காரனுக்கும் கிடைத்துவிடக் கூடாது என்ற கவலை இருந்தது.

இந்த மனநிலையோடுதான் வெள்ளை அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் இங்கே வந்தார்கள். இங்கே அதற்குப் புதிய ஆடை போடத் தேவையிருக்கவில்லை. மன்னர் வேட்டைக்குப் போனால் பறையடித்தும் கூச்சலிட்டும் புதரிலிருந்து விலங்கை விரட்டிக் கொடுக்கவும், அடிபட்டதைச் சுமந்து வரவும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேட்டைப் படங்களில் துப்பாக்கி பிடித்தவர் பெயர் எழுதப்பட்டிருக்கும். புலியை விரட்டி வந்தவர்கள் பெயர் இருக்காது. நமது மாவட்டம் 1948 மார்ச் 3 வரை தொண்டைமான்களின் சமஸ்தானம். சமஸ்தானங்களில் காடும் வேட்டையும் அரண்மனையின் பெருமையைச் சேர்ந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பதினோரு ஆண்டுகள், நான்கு சட்டங்கள்

இந்தியாவில் காட்டு விலங்குக்கென்று எழுதப்பட்ட முதல் நவீனச் சட்டம் நம் மாகாணத்தில்தான் வந்தது. 1873ஆம் ஆண்டின் மெட்ராஸ் காட்டு யானைகள் பாதுகாப்புச் சட்டம் அது. மரம் இழுக்கவும் பீரங்கி இழுக்கவும் அரசுக்கு யானை வேண்டும். சுட்டுத் தள்ளிக்கொண்டே போனால் பிடித்துப் பழக்க யானை மிஞ்சாது. 1879இல் இதே நோக்கத்தோடு மத்திய சட்டம் வந்தது.

அதே 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1877இல், நீலகிரி வேட்டைச் சங்கத்தை அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் தொடங்கியிருந்தார்கள். காட்டெருமை, கடமான், வரையாடு ஆகியவை குறைந்துவருவதைத் துப்பாக்கி பிடித்தவர்களே கவனித்தார்கள். குட்டி போடும் காலத்தில் வேட்டைக்குத் தடை, மற்ற காலத்தில் உரிமம் என்று விதி வந்தது. வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்காக மிஞ்சியிருப்பதில் அந்தச் சங்கத்துக்கும் பங்குண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உரிமத்தோடு துப்பாக்கியால் சுட்டால் அது விளையாட்டு. பசிக்குக் கண்ணியும் வலையும் வைத்தால் அது கள்ள வேட்டை. சட்டம் இந்தக் கோட்டைத்தான் முதலில் போட்டது.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1871, குற்றப் பரம்பரைச் சட்டம். அது வட இந்தியாவில் தொடங்கி 1911இல் மெட்ராஸ் மாகாணத்துக்கும் விரிந்தது. 1873, யானைச் சட்டம். 1879, நீலகிரிச் சட்டம். 1882, மெட்ராஸ் வனச் சட்டம். பதினோரு ஆண்டுகளுக்குள் அரசு காட்டை எடுத்துக்கொண்டது, விலங்கை எடுத்துக்கொண்டது, ஊர் ஊராக அலைந்து பிழைத்த மனிதரைப் பிறவிக் குற்றவாளி ஆக்கியது. ஒரே கை எழுதிய பக்கங்கள் இவை.

அந்தக் கையே இன்னொரு பக்கம் விலங்குகளைக் கொல்லப் பரிசும் கொடுத்துக்கொண்டிருந்தது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் 80,000க்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டிருக்கும் என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிடுகிறார். புலி அப்போது பயிர்நிலத்தையும் வரியையும் கெடுக்கும் விலங்கு. அதன் தலைக்கு விலை. இன்று புலி அருகிவிட்டதற்குக் காட்டுவாசியின் வில்லையும் வலையையும் காரணம் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை எடுத்துப் படிக்க வேண்டும்.

1887இல் பறவைகளுக்கும், 1912இல் பறவை, விலங்கு இரண்டுக்கும் சட்டங்கள் வந்தன. இரண்டும் இனப்பெருக்கக் காலத்துத் தடையைத் தாண்டி அதிகம் போகவில்லை.

வேடந்தாங்கல் ஏரி

இதற்கெல்லாம் முன்பே இன்னொரு தொடக்கம் இருந்தது. செங்கல்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊரார் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. யானைச் சட்டத்துக்கு 75 ஆண்டுகள் முன்பே ஒரு கிராமம் அரசின் துப்பாக்கியைத் தடுத்து நிறுத்தியது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அந்த ஊராரின் அன்புக்கும் லாபத்துக்கும் பகை இருக்கவில்லை.

சூழலியல் நூல்கள் இந்தக் கதையை இங்கே முடித்துவிடும். நாம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். உரம் கலந்த அந்தத் தண்ணீர் யாருடைய வயலுக்குப் பாய்ந்தது? செங்கல்பட்டு, மிராசுதாரர்களின் சீமை. வயலில் இறங்கிய படியாளுக்கு அங்கே ஒரு குழி நிலமும் சொந்தமில்லை. அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை எழுதி, அதன் விளைவாகப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணை 1892 செப்டம்பர் 30இல் வந்தது. நாரைக்கு எழுத்தில் உரிமை கிடைத்து 94 ஆண்டுகள் கழித்துத்தான், அதே சீமையில் படியாளுக்கு நிலம் என்ற பேச்சே எழுத்துக்கு வந்தது. நாரை மேல் நமக்குக் கோபமில்லை. "ஊரார்" என்ற சொல் எழுதப்படும்போதெல்லாம் அதற்குள் சேரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் வேடந்தாங்கல் நமக்குத் தரும் பாடம்.

1972

1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் மாநாடு. அங்கே பேசிய இந்திரா காந்தி வறுமையையும் சூழல் கேட்டையும் இணைத்துப் பேசினார். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் 1,827 புலிகளே இருந்தன. செப்டம்பரில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1இல் புலித் திட்டம் தொடங்கியது.

இந்தச் சட்டம் விலங்குகளை அட்டவணைகளாகப் பிரித்தது. முதல் அட்டவணை விலங்கைத் தொடவே கூடாது. மற்ற பலவற்றைச் சிறுவேட்டை உரிமம், பெருவேட்டை உரிமம் பெற்றுச் சுடலாம். ஆம், 1972க்குப் பிறகும் உரிமம் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்த உரிமங்கள் நீக்கப்பட்டன. நீலகிரிச் சங்கத்தின் சாயல் அதுவரை சட்டப் புத்தகத்தில் நீடித்தது.

உரிமம் வாங்க வழியில்லாதவர்களுக்கு என்ன நேர்ந்தது? கவுதாரியும் காடையும் முயலும் பிடித்து விற்றுப் பிழைத்த நரிக்குறவர்களின் தொழில் ஒரே சட்டத்தில் குற்றமானது. தொழிலை எடுத்துக்கொண்ட அரசு மாற்றாக நிலம் தந்ததா, வேலை தந்ததா? ஊசிமணி, பாசிமணி கோத்து அவர்கள் பேருந்து நிலையத்துக்கு வந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. தொழிலை எடுத்துக்கொண்டது 1972இல். இடையில் சரியாக ஐம்பது ஆண்டுகள், ஏறக்குறைய இரண்டு தலைமுறை.

இருளர்களுக்கும் இதுவே நடந்தது. தோல் வணிகத்துக்குப் பாம்பு பிடித்துக்கொடுத்தவர்கள் அவர்கள். வணிகர்கள் லாபம் பார்த்தார்கள். 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டதும் பட்டினி இருளருக்கு வந்தது. ஆனால் இங்கே கதை வேறு பக்கம் திரும்பியது. ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. அனுமதி பெற்று நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடிக்கிறார்கள். நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்ப விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடிக்குத் தரும் மருந்தின் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் அங்கிருந்துதான் போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பும் பிழைத்தது, பிடிப்பவரும் பிழைத்தார். குற்றமாக்கப்பட்ட அறிவை வேலையாக அங்கீகரித்ததால் இது நடந்தது. விருதைவிட அந்தக் கூட்டுறவின் விதிகள்தான் நமக்கு முக்கியம்.

நம் மலையும் நம் கடலும்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். விராலிமலையில் மயில் முருகனின் வாகனம். 1963 முதல் தேசியப் பறவை. 1972 சட்டத்தில் முதல் அட்டவணை. அசோகரின் அடுப்பில் தினம் இரண்டாக இருந்த மயில் இன்று நம் கடலைக் கொல்லையிலும் நெல் வயலிலும் கூட்டமாக இறங்குகிறது. மயிலுக்கு நஞ்சு வைப்பவருக்கு இன்று மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். அப்படி ஒருவர் கைதானால் அவர் பெரும்பாலும் சிறு விவசாயி அல்லது குத்தகைக்காரர். இழப்பீடு என்று கேட்டுப் போனால் அலுவலகம் முதலில் கேட்கும் தாள் பட்டா. வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவரிடம் அது இருக்காது. மயிலைச் சுமக்கும் செலவைச் சமூகம் முழுதும் பகிராமல் நிலமில்லாதவர் தலையில் வைப்பதைப் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது.

கடலுக்குப் போவோம். பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசு பாதுகாப்பகம் இருக்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் இந்த விலங்கு கடற்புல்லை மட்டுமே நம்பி வாழ்கிறது. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள். நாட்டில் மிஞ்சியிருப்பவை சுமார் 240 என்று அறிவிப்பின்போது அரசு சொன்னது. இதைக் காக்கத்தான் வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் கடற்புல்லை யார் அழிக்கிறார்கள்? அடிமண்ணை உழுதுகொண்டு போகும் இழுவை மடி. 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு உரியது. விசைப்படகு அங்கே வரக் கூடாது. அந்த மூன்று மைலைக் காத்தாலே ஆவுளியாவின் மேய்ச்சல் நிலத்தில் பெரும்பங்கைக் காத்துவிடலாம். சட்டம் இருக்கிறது. யார் மீது பாய்கிறது என்பதுதான் கேள்வி.

2001ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறாக்களையும் கடல் அட்டைகளையும் முதல் அட்டவணையில் சேர்த்தது. சுறாவுக்கு எதிர்ப்பு வலுத்தது. டிசம்பருக்குள் தடை பத்து இனங்களாகச் சுருங்கியது. கடல் அட்டைக்கு அந்தத் தளர்வு இல்லை. மூச்சடக்கி மூழ்கி அட்டை எடுப்பவர்கள் பாக் விரிகுடாவின் ஏழைகள். சங்கும் சிப்பியும் எடுத்துச் சுண்ணாம்பு சுட்டுப் பிழைத்த கடையர்கள் நம் கரையிலும் இருக்கிறார்கள். புதுக்கோட்டை உள்ளிட்ட கடற்கரை மாவட்டங்களில் அவர்கள் பட்டியல் சாதியினர். எதிர்க்கரையான இலங்கையில் கடல் அட்டை உரிமத்தோடு பிடிக்கப்படுகிறது, வளர்க்கவும்படுகிறது. இங்கே அதே அட்டையை எடுத்தவர் சிறைக்குப் போகிறார். சங்கம் வைத்துக் குரல் கொடுக்க முடிந்தவர்களுக்கு ஐந்து மாதத்தில் திருத்தம் கிடைத்தது. முடியாதவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள்.

நாம் கேட்பது

தோழர்களே, இந்த வரலாற்றைப் படித்துவிட்டுப் பாதுகாப்புச் சட்டமே வேண்டாம் என்று நாம் முடிவெடுத்தால் அது பிழை. காடும் கடலும் வற்றினால் முதலில் பட்டினி கிடப்பது நாம்தான். நிலம் உள்ளவர் இன்னொரு தொழிலுக்குப் போய்விடுவார். சட்டம் எழுதப்படும் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்களுடைய கொல்லும் உரிமை மிஞ்சியது என்பதைத்தான் 1671இலிருந்து 2001வரை பார்த்தோம். ஆகவே அந்த இடத்தில் உட்காருவதே நம் வேலை.

அதற்கு ஒரு வழி இப்போதே சட்டத்தில் இருக்கிறது. கடற்பசு பாதுகாப்பகம் ஒரு சரணாலயம் அல்ல. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த காப்பகம் என்ற வகை அது. பிரிவு 36-அ, உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகே அதை அறிவிக்க வேண்டும் என்கிறது. சரணாலயத்துக்குரிய நுழைவுத் தடை இதற்கு இல்லை. பிரிவு 36-ஆ, அதன் மேலாண்மைக் குழுவில் தொடர்புடைய ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும் என்கிறது. மணமேல்குடியிலும் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் வாழும் நம் மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மாணவ நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். கரையோர ஊராட்சிகளின் கிராமசபைக்குப் போங்கள். பாதுகாப்பக மேலாண்மைக் குழுவில் எங்கள் ஊராட்சியின் பிரதிநிதி யார், அவர் நாட்டுப்படகுக்காரரா, கடையரா, பெண்ணா என்று தீர்மானப் புத்தகத்தில் பதியும்படி கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மேலவளவில் முருகேசன் ஊராட்சித் தலைவர் நாற்காலிக்காகவே 1997இல் கொல்லப்பட்டார். நாற்காலி நமக்குச் சும்மா கிடைத்ததில்லை என்பதை அறிந்தவர்கள் நாம். சட்டம் ஒரு நாற்காலி போட்டிருக்கும்போது அதைக் காலியாக விட்டுவைக்க வேண்டாம்.

1798இல் வேடந்தாங்கல் ஊரார் ஒரு தாளை வாங்கி வந்தார்கள். அந்தத் தாளில் சேரியின் பெயர் இல்லை. பாக் விரிகுடாவில் எழுதப்படப்போகும் தாளில் நம் பெயர் இருக்கிறதா என்று அடுத்த கிராமசபைக்குள் பார்த்துவிடுவோம்.

ஜெய் பீம்.